விட்டுக் காட்டுங்கம்மா

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கல்லூரித் தோழன் ஒருவன் போன் செய்தான். அவன் அப்பாவுக்குக் கண்ணில் ப்ரஷர் இருப்பதாகச் சொல்லிவிட்டார்களாம். "சென்னையில நல்ல கண் டாக்டர் யாரு? நீதான் உங்க அம்மாவுக்கு ரெண்டு வருஷமா அலைஞ்சியே, ஒரு பேரு சொல்லு" என்றான். இரண்டு வருடம் அலைந்தது உண்மை. ஆனாலும் வாயில் ஒரு பெயர் வரவில்லை. "யோசிச்சுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டேன். அவனுக்கு அது விசித்திரமாக இருந்திருக்கும். பெயர் சொல்ல யோசனை எதற்கு?

பெயர்களுக்குப் பஞ்சமே இல்லாத ஊர் நம்முடையது. எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819-இல் தொடங்கியது. உலகத்திலேயே பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று. மதுரை அரவிந்த் 1976, சென்னை சங்கர நேத்ராலயா 1978. வட இந்தியாவிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் கண் பார்க்க இங்கே ரயிலேறி வருகிறார்கள். எந்தப் பெயரையும் சொல்லியிருக்கலாம், தவறாகப் போயிருக்காது. என்னைத் தடுத்தது வேறு ஒன்று. அம்மாவுக்கு நான் தேர்ந்தெடுத்த டாக்டரும் நல்ல டாக்டர்தான். படிப்பு, அனுபவம், கருவிகள் எதிலும் குறை சொல்ல முடியாது. அப்படி இருந்தும் அம்மாவின் இடது கண்ணில் பார்வை மேலும் போனது, நான் அவரைத் தேர்ந்தெடுத்த பிறகுதான். அதற்கு அவர் மட்டும் காரணமில்லை, நானும் காரணம். இதை இத்தனை நாள் யாரிடமும் கோர்வையாகச் சொன்னதில்லை.

கைராசி

எங்கள் வீட்டில் டாக்டரைத் தேர்ந்தெடுக்க ஒரே ஒரு வழிதான் உண்டு. "அவருக்குக் கைராசி." பிரசவத்துக்கும் எலும்பு முறிவுக்கும் அதே அளவுகோல். அம்மா தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், விவரம் தெரிந்தவர், ஆனாலும் டாக்டர் விஷயத்தில் தெருவில் நாலு பேர் சொல்வதற்குத்தான் மதிப்பு. 2014-இல் வலது கண்ணில் புரை முற்றியபோது அப்படித்தான் மதுரைக்குப் போனோம். மறுநாள் கட்டைப் பிரித்ததும் அம்மா முதலில் சொன்னது, "சுவரு இவ்வளவு வெள்ளையாவா இருக்கு?" ஊருக்குத் திரும்பி ஆறு மாதம் பார்த்தவர்களிடமெல்லாம் அந்த வெள்ளையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். அவர் பேச்சைக் கேட்டு எங்கள் தெருவிலிருந்து மட்டும் நான்கு பேர் அதே டாக்டரிடம் போனார்கள். அடுத்த வருடம் இடது கண்ணுக்கும் அவரேதான்.

எங்கள் கோவில்பட்டிப் பக்கம் இந்தப் பேச்சுக்கு இன்னொரு வேரும் உண்டு. அரவிந்தைத் தொடங்கிய டாக்டர் வெங்கடசாமி எங்கள் கரிசல் காட்டு வடமலாபுரத்தில் பிறந்தவர். முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போன பிறகும் கத்தி பிடிக்கத் தன்னைப் பழக்கிக்கொண்டு, ஒரு லட்சம் அறுவை சிகிச்சைக்கு மேல் செய்தவர். அரசு வேலையில் ஓய்வு பெற்றபின் ஒரு வீட்டில் பதினோரு படுக்கைகளோடு அவர் ஆஸ்பத்திரி ஆரம்பித்த கதையை அம்மா வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்வாராம். "அந்தக் கோணல் விரலுக்கு இருந்த கைராசி எந்த நேர் விரலுக்கும் இல்ல" என்பார்.

கைராசி என்ற சொல்லை நான் கேலி செய்ய மாட்டேன். புரை விஷயத்தில் அது சரியாகவே வேலை செய்கிறது. மங்கிப்போன லென்ஸை எடுத்துவிட்டு வேறொன்றை வைக்கிறார்கள். மறுநாளோ அதற்கு மறுநாளோ வெளிச்சம் வந்துவிடுகிறது. நன்றாக முடிந்ததா இல்லையா என்று நோயாளிக்கே தெரியும், எதிர்வீட்டுக்காரருக்கும் தெரியும். ஆயிரம் பேர் அப்படிப் பார்த்துச் சொன்ன சாட்சியைத்தான் ஊர் கைராசி என்கிறது. அதில் அர்த்தம் இருக்கிறது.

கண் அழுத்த நோய் அப்படியில்லை. க்ளாக்கோமா என்கிறார்களே, அதுதான். அதில் எந்த டாக்டராலும் வெளிச்சத்தைக் கொண்டுவர முடியாது. கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பில் பத்து லட்சத்துக்கு மேல் இழைகள் இருக்கின்றன. அழுத்தம் அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொன்றுகொண்டே போகும். செத்தது செத்ததுதான். டாக்டரால் முடிந்தது மிச்சத்தைக் காப்பாற்றுவது. வைத்தியம் நூற்றுக்கு நூறு வெற்றி என்றால் என்ன ஆகும் தெரியுமா? ஒன்றும் ஆகாது. பத்து வருடம் கழித்தும் பார்வை இன்று இருப்பது போலவே இருக்கும். அதைப் பார்த்து யாரும் தெருவில் நின்று "சுவரு இவ்வளவு வெள்ளையா" என்று சொல்லப் போவதில்லை. இந்த நோயை நன்றாகப் பார்க்கிற டாக்டருக்குக் கைராசிப் பட்டம் கிடைக்க வழியே இல்லை. எங்கள் வீட்டில் இருந்த ஒரே அளவுகோல், அது உதவாத இடத்துக்கு நாங்கள் வந்து சேர்ந்தபோது எங்களுக்கு அது தெரியவும் இல்லை.

இடது பக்கத்துச் செம்பு

2021 டிசம்பரில் ஊருக்குப் போயிருந்தேன். அம்மா சாப்பிடும்போது இடது பக்கம் வைத்த தண்ணீர்ச் செம்பைத் தட்டிவிட்டார். மறுநாள் கதவு நிலையில் இடது தோளை இடித்துக்கொண்டார். "நடையில கவனம் இல்ல" என்று அவரே சிரித்துக்கொண்டார். தினத்தந்தியில் பொடி எழுத்து விளம்பரம்வரை கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்துவிடுவார், அதனால் கண்ணில் கோளாறு என்ற நினைப்பே எங்களுக்கு வரவில்லை. இருந்தாலும் கண்ணாடிக் கடைக்குப் போய் கம்ப்யூட்டரில் பார்த்தோம். பவர் மாறவில்லை என்றார்கள். அந்தக் கருவி அளப்பது பவரை மட்டும்தான், கண்ணுக்குப் பின்னால் இருக்கும் நரம்பைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. பலகையில் கடைசி வரிவரை வாசிக்கிறவருக்கும் இந்த நோய் பாதி தூரம் முற்றியிருக்கலாம். நடுப் பார்வையை அது கடைசியில்தான் தொடும்.

எனக்கு ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது. பிப்ரவரியில் அம்மாவைச் சென்னைக்குக் கூட்டி வந்தேன். அலுவலகத்தில் நான்கு பேரை விசாரித்து, இணையத்தில் இரவெல்லாம் தேடி, பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் இந்த நோய்க்கென்றே இருக்கிற டாக்டரைப் பிடித்தேன். பிடித்தேன் என்ற சொல்லில் அப்போது எனக்கு இருந்த பெருமையையும் சேர்த்துச் சொல்கிறேன். காலை எட்டு மணிக்கு டோக்கன் வாங்கினோம், வெளியே வரும்போது மணி இரண்டு. ஒருவர் பவர் பார்த்தார். ஒருவர் அழுத்தம் பார்த்தார். ஒருவர் கண் பாப்பா விரிய சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்தார். இன்னொரு அறையில் முகவாயைத் தாங்கியில் வைத்து, நடுவில் எரிகிற விளக்கையே பார்த்துக்கொண்டு, ஓரத்தில் பொட்டு வெளிச்சம் தெரியும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். அதுதான் ஃபீல்டு டெஸ்ட். அம்மா வலது கண்ணுக்கு வேகவேகமாக அமுக்கினார். இடது கண்ணுக்கு வந்தபோது நீண்ட நேரம் சத்தமே இல்லை. நான் வாசலில் நின்று அந்தச் சத்தத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தது இன்னும் காதில் இருக்கிறது.

பிரிண்ட் எடுத்த தாளில் இடது கண்ணுக்கான வட்டத்தில் ஓர் ஓரம் கறுத்திருந்தது. அழுத்தம் 26. சாதாரணமாக 10-இலிருந்து 21வரை இருக்கலாம் என்றார் டாக்டர். பொறுமையாகவே பேசினார், படம் வரைந்தும் காட்டினார். போனது திரும்ப வராது, மிச்சத்தைக் காப்பாற்றலாம், டிமலால் சொட்டு காலையும் இரவும், மூன்று மாதத்தில் வாருங்கள். என்னிடம்தான் சொன்னார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்; விரிந்த பாப்பாவோடு அவருக்கு எதுவும் தெளிவாகத் தெரிந்திருக்காது.

அன்று காலை பதிவு செய்யும் இடத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், இருதயம், ஆஸ்துமா என்று கட்டங்கள். நான்தான் நிரப்பினேன். ரத்த அழுத்தத்துக்கு மட்டும் டிக் போட்டேன். அம்மாவுக்கு ஆஸ்துமா கிடையாது என்று உறுதியாக நம்பினேன்.

தீராத மருந்து

மூன்று மாதம் கழித்து மே மாதத்தில் அம்மா வந்தார். ஒரு வாரம் முன்னதாகவே வரவழைத்துவிட்டேன். அந்த வாரம் முழுக்க நானே மருந்து விட்டேன். ஆஸ்பத்திரியில் பார்த்தபோது அழுத்தம் 16. "அருமை, இதையே தொடருங்கள், நான்கு மாதத்தில் வாருங்கள்" என்றார் டாக்டர். எனக்கு மலையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. அந்த 16 என் கையால் விட்ட மருந்துக்கு வந்த 16 என்று எனக்கு உறைக்கவில்லை. அந்த வாரம் மாடிப்படி ஏறும்போது அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. சென்னைப் புழுக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

செப்டம்பரில் அலுவலகத்தில் நெருக்கடி, போக முடியவில்லை. டிக்கெட் போட்டு ரத்து செய்தேன். "அதனால என்ன, கண்ணு நல்லாத்தான் இருக்கு, நீ லீவு எல்லாம் போட வேண்டாம்" என்றார் அம்மா. அடுத்தது பொங்கலுக்கு என்று வைத்திருந்தோம், அதுவும் தள்ளிப்போனது. நடுவில் போனில் மருந்தைப் பற்றிக் கேட்காத வாரம் இல்லை. ஆரம்பத்தில் "புட்டி இருபது நாள்ல தீந்துருது" என்று சொல்வார். வாங்கி அனுப்புவேன். பிறகு மார்கழிக்கு அப்புறம், "இன்னும் இருக்கு, வாங்க வேண்டாம்" என்று சொல்ல ஆரம்பித்தார். எனக்கு அது நல்ல செய்தியாகப் பட்டது, சிக்கனமாக விடப் பழகிவிட்டார் என்று. ஒரு மாதத்துக்கான புட்டி இருபது நாளில் தீர்ந்தாலும் தப்பு, இரண்டு மாதம் தீராமல் இருந்தாலும் தப்பு. இந்த இரண்டு தகவலையும் அம்மா என் காதிலேயே போட்டிருக்கிறார். நான் கேட்டுக்கொள்ளவில்லை.

2023 ஜூனில் மறுபடி சென்னை. அழுத்தம் 28. தாளில் கறுப்பு நடுவை நோக்கி நகர்ந்திருந்தது. டாக்டர் பழைய தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "மருந்து வேலை செய்யவில்லை" என்றார். ஏற்கெனவே விடும் மருந்தோடு லட்டானாப்ரோஸ்ட் என்று இன்னொன்றையும் எழுதினார். அதற்கும் கேட்கவில்லை என்றால் அறுவை சிகிச்சை என்றார். வெளியே வந்து ஆட்டோவுக்கு நிற்கும்போது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உனக்கு ரொம்பச் செலவு வைக்கிறேன்ல" என்றார். ஊருக்கு வண்டி ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்து அழுதேன்.

இளைப்பு

ஜூலையில் இடது கண் சிவந்தது. புதிய மருந்துக்குச் சில பேருக்குச் சிவப்பு வரும் என்பது இப்போது தெரியும். அப்போது அம்மா பயந்துவிட்டார். மருந்துக் கடையில் கேட்டு ஏதாவது சொட்டு வாங்கி விட்டுக்கொள்ளப் போனவரைப் பக்கத்து வீட்டு அக்கா தடுத்து, ஊரிலேயே புதிதாக வந்திருந்த கண் டாக்டரிடம் கூட்டிப்போனார். அந்த அக்காவுக்கு நான் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. கடையில் கிடைக்கும் சிவப்புக்கான சொட்டு சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். தொடர்ந்து விட்டால் அதுவே கண் அழுத்தத்தை ஏற்றும். ஏற்கெனவே 28-இல் இருந்தவர்.

அந்த வாரக் கடைசியில் நான் ஊருக்குப் போனதால், மறுமுறை பார்க்கப் போகும்போது நானும் கூட இருந்தேன். சின்ன க்ளினிக். இரண்டு அறை. சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலிகள். டாக்டர் என்னைவிடப் பத்து வயதாவது இளையவராக இருப்பார். சென்னை ஆஸ்பத்திரியின் தடிமனான ஃபைலை நீட்டினேன். வாங்கி மேசையில் வைத்துவிட்டு, அம்மாவைப் பார்த்து, "அம்மா, நீங்க மருந்த எப்படி விடுவீங்க? கொஞ்சம் விட்டுக் காட்டுங்கம்மா" என்றார்.

அவ்வளவுதான் கேள்வி. ஒன்றரை வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. நானும் கேட்கவில்லை. அம்மா பையிலிருந்து புட்டியை எடுத்தார். தலையை அண்ணாந்தார். கை நடுங்கியது. புட்டியைக் கண்ணுக்கு மேலே அரையடி தூரத்தில் பிடித்து அமுக்கினார். அமுக்கும் நேரத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டார். முதல் சொட்டு புருவத்தில் விழுந்தது. இரண்டாவது கன்னத்தில். மூன்றாவது இமை மேலே விழுந்து மூக்கோரமாக வழிந்தது. அம்மா அதைச் சேலைத் தலைப்பால் ஒற்றிக்கொண்டு, நல்ல மாணவி விடை சொல்லி முடித்த மாதிரி டாக்டரைப் பார்த்தார். எனக்கு அந்த இடத்திலேயே எல்லாம் புரிந்தது. இருபது நாளில் தீர்ந்த புட்டிகள். என் கை விட்ட வாரத்தில் மட்டும் வந்த 16.

டாக்டர் திட்டவில்லை. "சரி. இந்தப் பழைய மருந்து ராத்திரி விடுறீங்களாம்மா?" என்று கேட்டார். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். பதில் சொல்லவில்லை. டாக்டர் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "பனி நேரத்துல இளைப்பு வருமா உங்களுக்கு?" என்றார்.

"வரும்" என்றார் அம்மா உடனே. "சின்னதுல இருந்தே உண்டு. மார்கழி, தை வந்தா ராத்திரி உக்காந்துதான் தூங்கணும். இந்த மருந்து விட ஆரம்பிச்சதுல இருந்து வேற காலத்துலயும் வந்துச்சு. போன மார்கழில ரொம்ப ஆயிருச்சு. அதான் நிறுத்திட்டேன்." பிறகு என்னைப் பார்க்காமல், "பிள்ளைகிட்டச் சொன்னா லீவு போட்டுட்டு ஓடி வரும்" என்றார்.

இளைப்பு. என் சின்ன வயதில் எங்கள் வீட்டில் தினமும் புழங்கிய சொல். ஆச்சிக்கு இளைப்பு, அம்மாவுக்கு இளைப்பு, பனியில் வாசல் தெளிக்கப் போகாதே இளைப்பு வரும். படிவத்தில் ஆஸ்துமா என்று இருந்த கட்டத்தை வெறுமையாக விட்டபோது எனக்கு அந்தச் சொல் ஞாபகத்துக்கே வரவில்லை. இரண்டும் ஒன்று என்று தெரியாதவள் இல்லை நான். சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் படிவத்துக்கு முன்னால் நின்றபோது, அம்மாவின் சொற்கள் இருக்கும் அறையின் கதவு மூடிக்கொண்டது போல. டிமலால் கண்ணில் விட்டாலும் கண்ணோடு நிற்பதில்லை. கண்ணீர் வடியும் துளை வழியாக மூக்குக்குப் போய் ரத்தத்தில் கலக்கும். மூச்சுக்குழாயைச் சுருக்கும், நாடியை மெதுவாக்கும். இளைப்பு உள்ளவர்களுக்கு அதை எழுதவே கூடாது. சென்னை டாக்டருக்கு இது தெரியாததா? நன்றாகத் தெரியும். அதற்காகத்தான் அந்தக் கட்டம் படிவத்தில் இருந்தது.

அன்று டாக்டர் டிமலாலை நிறுத்தினார். இரவுக்கான லட்டானாப்ரோஸ்ட் மட்டும் தொடரட்டும் என்றார். அப்புறம் அம்மாவைக் கட்டிலில் படுக்க வைத்துச் சொல்லிக்கொடுத்தார். படுத்துக்கொண்டு விடுங்கள், உட்கார்ந்து வேண்டாம். கீழ் இமையைக் கொஞ்சம் இழுத்தால் சின்னப் பை மாதிரி வரும், அதில் ஒரே ஒரு சொட்டு. புட்டி நுனி கண்ணில் படக் கூடாது. கண்ணை மெல்ல மூடிக்கொண்டு, மூக்கோரத்து முனையை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திக்கொள்ளுங்கள், மருந்து தொண்டைக்குப் போகாது. புட்டியைத் திறந்த தேதியை அதன் மேலேயே எழுதிவையுங்கள், ஒரு மாதத்துக்கு மேல் வேண்டாம். நான்கு முறை விடச் சொல்லிப் பார்த்தார். மருந்து வீணாகக் கூடாது என்று அதற்கு வெறும் கண்ணீர்ச் சொட்டு மருந்துப் புட்டியைக் கொடுத்தார். நான்காவது முறை சரியாக உள்ளே விழுந்தது. வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள்.

ஆறு வாரம் கழித்து அழுத்தம் 15. நான் அங்கே இல்லை, அம்மாவே தனியாகப் போய்ப் பார்த்துக்கொண்டு வந்து போனில் சொன்னார். அறுவை சிகிச்சை வேண்டியிருக்கவில்லை. கண் சிவப்பும் தானாகக் குறைந்தது. கறுத்துப்போன இடம் கறுத்ததுதான். இடது பக்கம் செம்பு வைப்பதை நாங்கள் எல்லோரும் விட்டுவிட்டோம்.

நடந்து போகிற தூரம்

இதை எழுதும்போது பெரிய ஆஸ்பத்திரிகள் வேண்டாம் என்று சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த க்ளினிக் டாக்டரிடமே ஃபீல்டு டெஸ்ட் கருவி கிடையாது. வருடத்துக்கு ஒரு முறை திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ போய் எடுத்து வரச் சொல்கிறார், அந்தத் தாளை வாங்கிப் பழைய தாளோடு வைத்துப் பார்க்கிறார். நாளை அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் அதை அவர் செய்யப்போவதில்லை, யாரிடம் போக வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். விழித்திரை கிழிந்தால், கண்ணில் ஊசி போட வேண்டியிருந்தால், அதற்கான கைகள் இருக்கும் இடத்துக்கு எவ்வளவு தூரமானாலும் போகத்தான் வேண்டும். அங்கே கைராசியையும் விசாரிக்கலாம்.

நான் தவறவிட்டது இதுதான். ஒரு நாளில் முடிகிற வைத்தியத்துக்குத் தேடுகிற மாதிரியே வாழ்நாள் முழுக்க நீள்கிற வைத்தியத்துக்கும் டாக்டரைத் தேடினேன். இந்த நோய்க்கு மருந்து விடுவது தினமும், பார்க்கப் போவது மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை, அம்மா இருக்கும்வரை. அப்படியென்றால் எவ்வளவு பெரிய டாக்டர் என்பதைவிட, என் தயவு இல்லாமல் அம்மா அவரிடம் போய்வர முடியுமா என்பதுதான் முதலில் பார்த்திருக்க வேண்டியது. ஒரு ராத்திரி ரயில் பயணம், என் விடுப்பு, திரும்ப டிக்கெட் கிடைப்பது, இத்தனைக்கும் நடுவில் தொங்கிக்கொண்டிருந்தது அம்மாவின் கண். அவர் மனதில் ஒவ்வொரு சந்தேகத்துக்கும் ஒரு விலை இருந்தது: பிள்ளையின் ஒரு நாள் லீவு. இளைப்பு அந்த விலைக்குப் பெறாத சங்கதி என்று அவரே முடிவு செய்துவிட்டார். இப்போது க்ளினிக் நடந்து போகிற தூரம். கண் உறுத்தினால் மார்க்கெட்டுக்குப் போகும் வழியில் எட்டிப் பார்த்துவிட்டு வருகிறார்.

இதை அரவிந்த்காரர்கள் எனக்கு முன்னாலேயே யோசித்திருக்கிறார்கள். சின்ன ஊர்களில் அவர்கள் வைத்திருக்கும் கண் பரிசோதனை மையங்களில் பயிற்சி பெற்ற பெண்கள் கண்ணைச் சோதிக்கிறார்கள். தொலைவில் ஆஸ்பத்திரியில் இருக்கும் டாக்டர் வீடியோவில் நோயாளியிடம் பேசுகிறார். முதன்முதலில் கேள்விப்பட்டபோது வசதி இல்லாதவர்களுக்கான ஏற்பாடு என்று நினைத்தேன். இப்போது அது வேறு மாதிரி தெரிகிறது. அடிக்கடி போக முடிகிற இடத்தில் வைத்தியம் இருந்தால்தான் இந்த மாதிரி நோய்களுக்கு அது வைத்தியம். சர்க்கரை உள்ளவர்களும் இதையே யோசிக்க வேண்டும். பார்வையில் ஒரு குறையும் தெரியாவிட்டாலும் வருடத்துக்கு ஒரு முறை சொட்டு விட்டு விழித்திரையைப் பார்த்தே ஆக வேண்டும்; அதற்காக யாரும் வருடா வருடம் ரயிலேற மாட்டார்கள்.

பக்கத்தில் இருந்தால் மட்டும் போதாது என்பதும் தெரியும். எம்.எஸ்., டி.ஓ., டி.என்.பி. என்று கண்ணுக்கான படிப்பு இருக்கிறதா பார்க்க வேண்டும். சொட்டு விட்டுக் கண்ணின் பின்பக்கம் பார்க்காமல், காற்றை ஊதி அளந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் இல்லை என்று அனுப்புகிறவர் என்றால் நான் மறுபடி போக மாட்டேன்; அழுத்தம் 21-க்குள் இருந்தே நரம்பு கெடுகிறவர்களும் உண்டு. கூடப் பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் பார்த்தீர்களா என்று கேட்கிறாரா என்பதையும் கவனிப்பேன், ஏனென்றால் இது குடும்பத்தில் ஓடும் நோய். அந்த டாக்டர் கேட்டதால்தான் நானும் என் தம்பியும் பார்த்துக்கொண்டோம். எங்கள் இருவருக்கும் இப்போதைக்கு ஒன்றும் இல்லை, வருடத்துக்கு ஒரு முறை வரச் சொல்லியிருக்கிறார்கள். மாமா மட்டும் இன்னும் பிடிகொடுக்கவில்லை. "எனக்குக் கண்ணு கழுகு மாதிரி" என்கிறார். அம்மா அவரிடம் செம்புக் கதையைச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

மூன்று நாள் யோசித்துவிட்டுத் தோழனுக்குப் போன் செய்தேன். பெயர் கேட்கப் பேனாவோடு உட்கார்ந்திருந்தான் போல. "அப்பா எங்க இருக்காரு இப்ப?" என்று கேட்டேன். செய்யாறில், அம்மாவோடு. "அப்போ செய்யாறுல யாரு இருக்காங்க, இல்லன்னா காஞ்சிபுரத்துல, அவரே பஸ் ஏறிப் போய்ட்டு வர்ற தூரத்துல யாருன்னு முதல்ல பாரு. ஆபரேஷன்னு வந்தா சென்னைக்கு வரலாம், நானே கூட வர்றேன்" என்றேன். அவனுக்கு ஏமாற்றம். அப்பாவுக்குச் சிறந்ததைச் செய்ய வேண்டும் என்று நினைக்கிறான், நானும் அப்படித்தான் நினைத்தேன். அதனால் முழுக் கதையையும் சொன்னேன். படிவத்தையும் சொன்னேன். இடையில் அவன் ஒன்றும் பேசவில்லை. "அப்பா மருந்து விடுறத ஒரு தடவை பக்கத்துல நின்னு பாரு" என்று சொல்லி வைத்தேன்.

அன்று இரவு பத்தரை மணிக்கு அவனிடமிருந்து செய்தி வந்தது. "அப்பாவுக்கு ஆஸ்துமா எல்லாம் இல்லன்னுதான் நானும் எழுதிக் கொடுத்தேன். இப்ப அம்மாகிட்டக் கேட்டேன். இழுப்பு இருக்காம்."